வேனல் அவதிக்கு எந்த ‘தி’?

தாசில்தார் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொப்பியும் கால்சட்டையுமாக ஒரு துரையை எதிர்பார்த்து ஊரே தெற்குக் குளத்தங்கரையில் கூடியிருக்க, அவர் கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, கால் நிறையப் புழுதியோடு வரப்பு வழியே நடந்து வந்தார்.

குளத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குச் சேறு. மற்றதெல்லாம் வெடித்துக் காய்ந்த மண். காலை வெயிலுக்கே அதிலிருந்து அழுகிய ஆம்பல் கிழங்கின் வாடை கிளம்பியது.

கரையின் ஒரு பக்கம் காண்ட்ராக்டர் பொன்னையாவின் ஆட்கள் மண்வெட்டியோடு குந்தியிருந்தார்கள். எல்லாரும் மீசைக்காரர்கள். மறுபக்கம் நாங்கள் பதினொரு பேர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வெறுங்கையோடு நின்றோம்.

தாசில்தார் மீசைக்காரர்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “இவங்க எந்தக் கிளாசில் படிக்குன்னு?”

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. முன்னால் இருந்த பெரிய மீசைக்காரர் மட்டும் எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: “நான் ரெண்டாங் கிளாசோட நிறுத்தியாச்சு, ஏமானே.”

தாசில்தாரின் புருவம் சுருங்கியது. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். அத்தனை தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் கையெழுத்து.

“ஆராணு இது எழுதியது?”

பின்னால் நின்ற அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். “வாயத் தொறந்தியோ, கொன்னே போடுவேன்” என்று காதோடு சொன்னாள்.

வெள்ளம் வேண்டும்

போன வாரம் அம்மா கயிறு முறுக்கிய கதையைப் படித்துவிட்டு, கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘அந்த வீட்டில் பிறந்து நீங்கள் எப்படியம்மா ஆறாம் பாரம் வரை படித்தீர்கள்?’ நல்ல கேள்வி. பதில் அந்தக் குளத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் தாசில்தாரை வெயிலில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். அவரிடம் குடை இருக்கிறது, பாதகமில்லை.

திருவிதாங்கூர்க் காசான சக்கரம் போய் அணா வந்த புதிது. அணா வந்த பிறகும் அம்மா சக்கரத்தில்தான் விலை சொல்வாள், கடைக்காரனோடு தினமும் சண்டை. நாகர்கோவிலும் எங்கள் இலந்தையடிவிளையும் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. தாலுகா ஆபீசில் பாதிக் காகிதம் மலையாளத்தில் ஓடும்.

அப்பா வடசேரிச் சந்தையில் சுமடு எடுப்பவர், மூட்டை தூக்குகிற வேலை. அம்மாவுக்குக் கயிறு. நான் ஐந்தாம் பாரம் முடித்திருந்தேன். ஆறாம் பாரம்தான் பள்ளியின் கடைசி வகுப்பு; அதற்குப் பள்ளி திறக்கிற அன்றே பீசும் பரீட்சைப் பணமும் கட்ட வேண்டும். “அஞ்சாம் பாரம் வரைக்கும் படிச்சது போதும். லீவு முடிஞ்சா ராட்டுல வந்து இரி” என்று அம்மா சொல்லிவிட்டாள். ராட்டு என்பது கயிறு முறுக்குகிற சக்கரம். ஒரு நாள் சுற்றினால் மறுநாள் பேனா பிடிக்க விரல் மடங்காது.

அம்மா கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். இல்லாதவள் இல்லை என்று சொன்னாள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அப்படி ‘போதும்’ கேட்டவர்கள் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். பதிமூன்று வயதிலிருந்து பதினேழு வரை.

அந்த வேனலில், அதாவது கோடையில், ஊர்க் கிணறு வற்றிப்போயிற்று. குளத்தில் மண் மேடு தட்டிவிட்டது. அதை எடுத்தால்தான் கிணற்றில் ஊற்று ஏறும். தாசில்தாருக்கு மனு போடுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. புதிதாக வந்த தாசில்தார் கோட்டயம் பக்கத்துக்காரர், தமிழ் வாசிக்கமாட்டார்.

“தமிழ்நாட்டோட சேரணும்னு கூட்டம் போட்டுக்கிட்டு, மலையாளத்துல மனு எழுதுவியளா?” என்று ஓர் இளவட்டம் துள்ளினான்.

ஊர்த்தலைவர் மாசிலாமணி மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ஏலே, சேரும்போ சேருவோம். அது வரைக்கும் வெள்ளம் குடிக்கண்டாமா?” என்றார். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். மழை பொய்த்த வருஷத்திலும் நாங்கள் வெள்ளம்தான் கேட்போம்.

யாருக்கு மலையாளம் எழுதத் தெரியும் என்று அடுத்த கேள்வி. எனக்குப் பள்ளியில் அந்த ஆண்டுதான் மலையாளம் ஆரம்பித்திருந்தது. ஆனாலும், “நான் எழுதுவேன் மாமா!” என்று முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினேன்.

நாலு ‘த’

மாமா தமிழில் சொன்னார், நான் மனசில் வாங்கிக்கொண்டேன். ‘வேனல் அவதியால் எங்கள் ஊர் ஏழைக் குடும்பங்கள் மிகவும் கஷ்டப்படுகின்றன. எங்கள் தெற்குக் குளத்தில் வேலை நடத்தி இந்த அவதிக்கு ஒரு பரிகாரம் செய்து தர வேண்டும்.’ அவ்வளவுதான் மனு.

வீட்டில் உட்கார்ந்து எழுதும்போதுதான் சிக்கல். தமிழில் ‘த’ ஒன்று, மலையாளத்தில் நாலு. எங்கள் மலையாள சார் தினமும் நாலையும் கோரஸாகச் சொல்ல வைப்பார். எங்கள் வாயில் நாலும் ஒன்றுபோலத்தான் வரும். பக்கத்து வீட்டுக் கோமதி, என் வகுப்புத் தோழி, அதற்கொரு சூத்திரம் வைத்திருந்தாள்: “மூணாவதுக்கு முக்கணும், நாலாவதுக்கு இருமணும்.”

‘அவதி’க்கு எந்த ‘தி’ போடுவது? முக்குவதா, இருமுவதா?

கோமதி ஓடிப்போய்த் தன் மார்க் கார்டை எடுத்து வந்தாள். அதன் அடியில் பொடி எழுத்தில் ‘வேனலவதி’ என்று அச்சாகியிருந்தது. நாலாவது ‘தி’, இருமுகிற ‘தி’. அச்சடித்த காகிதத்தில் தப்பிருக்குமா? அப்படியே பார்த்து எழுதினேன். மார்க் கார்டில் எதற்குக் கஷ்டத்தைப் பற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. கோமதியின் கணக்கு மார்க்கைப் பார்த்து யாரோ பரிதாபப்பட்டு அச்சடித்திருப்பார்கள் என்று தோன்றியிருக்கலாம்.

பத்து நாள் ஆகவில்லை, உத்தரவு வந்துவிட்டது! சர்க்கார் காரியம் இத்தனை வேகமாக நடந்து எங்கள் ஊர் பார்த்ததில்லை. ஊர்க்கூட்டத்தில் நான்தான் வாசித்து அர்த்தம் சொன்னேன். ‘மனுவில் கண்ட வேனலவதி வேலைக்குக் கூலிப்பணம் அனுமதிக்கப்படுகிறது. பள்ளி திறக்கும் முன் வேலை முடிய வேண்டும்.’

கைதட்டல். மாசிலாமணி மாமா என் தலையைத் தடவி, “கொள்ளாமே பிள்ளே!” என்றார். நான் தரையில் நிற்கவில்லை.

‘பள்ளி திறக்கும் முன்’ என்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் பக்கம் பள்ளி திறப்பதும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் ஏறக்குறைய ஒரே நாளில்தான். புதுப் புத்தகத்தைச் சேம்பிலைக்குள் சுற்றிக்கொண்டு, நனைந்த பாவாடையோடு முதல் நாள் பெஞ்சில் உட்காராத பிள்ளை அந்தக் காலத்தில் இருந்திருக்காது. மழைக்கு முன்னால் முடி என்பதைத்தான் சர்க்கார் அப்படிச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாளே காண்ட்ராக்டர் பொன்னையா வந்து நின்றார். அக்கம்பக்கத்து மண்வேலை எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். “அவதி வேலையின்னா வறட்சி வேலை. அது எனக்க லைனாக்கும். ஆளும் எனக்க ஆளு, வண்டியும் எனக்க வண்டி. நீங்க கரையில நின்னு பாத்தாப் போரும்” என்றார். குளம் ஆழமானால் சரி என்று ஊரும் தலையாட்டியது.

கோமதி வாசித்த வரி

மூன்று நாள் கழித்து, தன் அப்பாவிடம் கையெழுத்து வாங்குவதற்காகக் கோமதி அதே மார்க் கார்டை எடுத்திருக்கிறாள். இந்த முறை அடியில் இருந்த வரியை முழுசாகப் படித்தாளாம். குதித்துக்கொண்டு வந்தாள்.

“ஏட்டி தங்கப்பூ, இதப் பாரு. ‘வேனலவதி கழிஞ்சு பள்ளி திறக்கும் நாள்’னு போட்டிருக்கு. கஷ்டம் கழிஞ்சா பள்ளிக்கூடம் தொறக்கும்? மலையாளத்துல இது கஷ்டம் இல்லட்டி. லீவு!”

மனுவை மனசுக்குள் மறுபடி வாசித்துப் பார்த்தேன். ‘வேனல் லீவால் எங்கள் ஊர் ஏழைக் குடும்பங்கள் மிகவும் கஷ்டப்படுகின்றன. எங்கள் தெற்குக் குளத்தில் வேலை நடத்தி இந்த லீவுக்கு ஒரு பரிகாரம் செய்து தர வேண்டும்.’

அதை வாசித்த தாசில்தார் என்ன நினைத்திருப்பார்? பிள்ளைக் கையெழுத்து வேறு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் லீவில் செய்ய வேலை கேட்கிறார்கள் என்றுதானே? அதற்குத்தானே பணம் அனுமதித்திருக்கிறார்? அதனால்தானே ‘பள்ளி திறக்கும் முன்’?

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சட்டென்று கோமதி சிரிப்பை நிறுத்தினாள். “அப்போ அந்தக் கூலி நமக்குள்ளதாக்கும்” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தூக்கம் போயிற்று. ஆறாம் பாரத்துப் பீஸ் குளத்தில் கிடக்கிறது, பொன்னையா அதை வண்டியில் ஏற்றப் போகிறார்! ஆனால் வாயைத் திறந்தால் என் தப்பு வெளியே வரும். ஊர் வெள்ளத்துக்கு எழுதச் சொன்னதை நான் லீவுக்கு எழுதிவிட்டேன். அதைக் கேட்டுத் தாசில்தார் உத்தரவையே திரும்ப வாங்கிவிட்டால்? குளமும் போகும், ஊரில் தலைகாட்டவும் முடியாது.

அம்மாவிடம் சொன்னேன். “ஊரு வெள்ளமில்லாம சாவுது, நீ லீவுக்கு மனு எழுதி வச்சிருக்கியா? மூச்சு விடாத!” என்று அவள் பதறிப்போனாள். மற்ற ஒன்பது பேரிடமும் கோமதி ரகசியமாகச் சொன்னாள். வேலை தொடங்குகிற அன்று வந்து நிற்பது என்று மட்டும் முடிவு செய்தோம். நின்று என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

எந்த அவதி?

“ஆராணு இது எழுதியது?” என்று தாசில்தார் இரண்டாம் முறையும் கேட்டார்.

அம்மா கிள்ளிய இடம் எரிந்தது. அந்த எரிச்சலோடு ஓர் அடி முன்னால் வைத்தேன்.

“நானாக்கும் சார். தப்பு எனக்க தப்பு. எங்க ஊருல அவதின்னா கஷ்டம். வெள்ளம் இல்லாத்த கஷ்டத்துக்குத்தான் ஊரு எழுதச் சொல்லிச்சு. நான் எழுத்து தெரியாம லீவுன்னு எழுதிப்போட்டேன்.”

“ஏட்டி!” என்று மாசிலாமணி மாமா குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

தாசில்தார் மனுவைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார், குடை கீழே விழுகிற அளவுக்கு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அப்போ மோளே, நிங்களுக்கு லீவில் வேலை வேண்டாம், அல்லே?”

என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். அப்படி உயிரைப் பிடித்து உலுக்கிய கேள்வி வேறில்லை.

“வேணும் சார்!” என்றேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். “எழுத்து தப்பு சார், எழுதினது பொய்யில்ல. பள்ளி தொறக்கும்போ எனக்கு பீசு கெட்டணும். இல்லெங்கி ராட்டுல இருக்கணும். இவிய எல்லாரும் அப்பிடித்தான். எங்களுக்கு லீவுதான் சார் கஷ்டம்.”

பொன்னையா இடையில் புகுந்தார். “ஏமானே, இந்தப் பீக்கிரிப் பிள்ளையள் மண்ணு வெட்டி குளம் என்னைக்குத் தீரும்? மழை எறங்கினா ஊருக்கு வெள்ளமும் இல்ல, காசும் இல்ல.”

அதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. ஊரில் பாதித் தலைகள் ஆடின.

தாசில்தார் குடையை எடுத்துத் தூசி தட்டினார். “நான் ஒப்பிட்டது அவதிக்கு. எந்த அவதி என்னு எனிக்கு அறியாம்” என்றார்; தான் கையெழுத்துப் போட்டது எந்த அவதிக்கு என்று தனக்குத் தெரியும் என்று அர்த்தம். குளத்துப் படிக்கட்டைக் குடையால் காட்டினார். மேலே நாலு படி தெரிந்தது, மற்றது மண்ணுக்குள். மழை இறங்குவதற்குள் அடியில் உள்ள கடைசிப் படி தெரிய வேண்டும் என்றார். வாரத்துக்கு ஒருநாள் ஓவர்சியர் வந்து பார்ப்பார். பிள்ளைகளால் முடியாது என்று அவர் எழுதினால், மிச்ச வேலையும் மிச்சப் பணமும் பொன்னையாவுக்கு. சொல்லிவிட்டு வந்த வழியே நடந்து போனார்.

கடவம் கை மாறியது

முதல் நாள் நாங்கள் எடுத்த மண்ணைப் பார்த்து ஊர் சிரித்தது. கொப்புளம் உடைந்து மண்வெட்டிக் காம்பெல்லாம் பிசுபிசுத்தது. சாயங்காலம் பொன்னையா வந்து கரையில் நின்று, “கோழி கிண்டினாப்புல இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் வருவார். எங்களுக்கு அந்த மனிதர் முகம்தான் கடிகாரம்.

சாமுவேல் என்று ஒருவன் இருந்தான். ஐந்தாம் பாரத்தை இரண்டு தடவை படித்து ருசி பார்த்தவன், ஆள் பனைமரம். அவனும் பெரிய பையன்களும் வெட்டினார்கள். நாங்கள் கடவப்பெட்டி என்கிற ஓலைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரை ஏறினோம். ஏறி இறங்குவதிலேயே பாதி நாள் போயிற்று.

மூன்றாம் நாள் கோமதிதான் சொன்னாள்: “என்னத்துக்குட்டி நடக்கணும்? வரிசையா நில்லுங்க. பெட்டி நடக்கட்டும்.” குளத்தடியிலிருந்து கரை வரை நின்று கைக்குக் கை மாற்றினோம். தாளம் வேண்டுமே? மலையாள சாரின் நாலு ‘த’வை எடுத்துக்கொண்டோம். முதல் ஆள் ஒரு ‘த’, அடுத்தவள் அடுத்த ‘த’, நாலாவது ஆள் இருமி ஒரு ‘த’. கரை அதிர்ந்தது. “எளவு, குளத்துல எறங்கி பள்ளிக்கூடம் நடத்துதுவ!” என்று வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் உடைத்த சம்மந்தித் துவையலும். மண்வாடை வீசுகிற கையால் அதைத் தின்ற ருசி, பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

குளத்து வண்டல் வயலுக்கு உரம். முதலில் வண்டியோடு வந்தது மாசிலாமணி மாமா. “தப்பா எழுதினாலும் நல்ல மண்ணுதான் வருது” என்று முறைத்துக்கொண்டே அள்ளிப் போனார். பிறகு வயல்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கரையில் மண் மலைபோல் சேராமல் அப்போதைக்கப்போதே காலியாயிற்று.

ஒருநாள் அம்மா வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிடி அறுந்து ஓரமாகக் கிடந்த கடவப்பெட்டிகளை எடுத்து மடியில் வைத்து, தான் முறுக்கிய கயிற்றால் ஒவ்வொன்றுக்கும் புதுப் பிடி போட்டுக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது.

மேற்கே வானம் கறுத்தது. பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தது. படிக்கட்டில் பன்னிரண்டு படி தெரிந்துவிட்டது, கடைசிப் படி மட்டும் காணோம். ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். பொன்னையா அன்று காலையிலேயே ஆட்களோடு வந்து கரையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு சாமுவேலின் மண்வெட்டி ‘டங்’ என்றது. இன்னொரு வெட்டு. இன்னொரு ‘டங்’. கையால் மண்ணை வழித்தான். அகலமான கருங்கல், ஓரமெல்லாம் பாசிக்கறை, நாங்கள் தேடிய கடைசிப் படி. அதன் அடியிலிருந்து பழுப்பாக நீர் கசிந்து அவன் பாதத்தைச் சுற்றி நின்றது.

“வெள்ளம்! மக்கா, வெள்ளம்!”

நாங்கள் கத்திய கத்தலில் ஊர் ஓடி வந்தது. மாசிலாமணி மாமா வேட்டியோடு சேற்றில் இறங்கி அந்த நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம்! எழுபது வயது கடந்தும் அதை நினைத்தால் எனக்கு எழுந்து நிற்கத்தான் தோன்றுகிறது.

பொன்னையாவைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆட்களை அனுப்பிவிட்டுப் படியிறங்கி வந்து, கல்லைத் தட்டிப் பார்த்தார். “ஏட்டி, எனக்கும் ஒரு மனு எழுதணும்” என்றார். “நீ எழுதண்டாம். எதையாவது மாத்தி எழுதி எனக்க வேலையையும் பிடுங்கிப்போடுவ.” அவரே முதலில் சிரித்தார்.

மறுநாள் கரையில் வைத்தே ஓவர்சியர் கூலி கொடுத்தார். ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, அவரவர் கையில். நான் நேரே அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “பீசுக்கு உள்ளத எடுத்து வை. மிச்சத்தத் தா” என்றாள். பிறகு, “ராட்டுக்கு வேற ஆளு பாக்கணும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆபீசு ஜன்னல்

பள்ளி திறந்த அன்று மழை கொட்டியது. ஆபீசு ஜன்னலில் பீஸ் வாங்குகிற குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அந்த ஜன்னலில் அப்பாமார்தான் நிற்பார்கள். பெண்பிள்ளை தலை அங்கே தெரிவது வழக்கமில்லை.

“அப்பா வரலியா? பீசு ஆரு கெட்டுவா?”

“நான்தான் சார்.”

“ஆருக்க காசு?”

“எனக்க காசு.”

அவர் என்னைப் பார்த்தார், என் உள்ளங்கையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கோமதி, அவளுக்குப் பின்னால் சாமுவேல், இன்னும் எட்டுப் பேர், கொப்புளம் காய்ந்த கைகளோடு நனைந்து நின்றோம். “இவியளும்?” என்று கேட்டார். “எல்லாரும் சார்” என்றேன்.

ரசீதில் கட்டியவர் பெயர் எழுதுகிற இடத்தில், பழக்கத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டார். அதை அடித்துவிட்டு, நான் கேட்காமலேயே, தங்கப்பூ என்று முழுசாக எழுதினார்.